வீட்டு விளக்கின் நிறம்
அறைக்கேற்ற ஒளியைத் தெரிந்தெடுக்கும் முறை

மின்விளக்கு வாங்கக் கடைக்குச் செல்வோர் ஒரு காலத்தில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை கூற வேண்டியிருந்தது. எத்தனை வாட் வேண்டும் என்பதே அக்கேள்வி. நாற்பது, அறுபது, நூறு என ஏதேனும் ஓர் எண்ணைக் கூறினால் பல்பு கைக்கு வந்துவிடும். அதன் ஒளி எந்நிறமுடையது என்று கேட்க வேண்டிய அவசியம் எழவில்லை. டங்ஸ்டன் இழை கொண்ட பல்புகள் யாவும் சற்று மஞ்சள் கலந்த ஒரே வகை ஒளியையே தந்தன. பின்னர் டியூப் லைட் என மக்கள் வழங்கும் ஒளிர்குழல் விளக்கு வந்தது. அதன் வெண்ணிற ஒளியைப் 'பகல் வெளிச்சம்' என்று கூறி மக்கள் விரும்பி ஏற்றனர்.

இன்று நிலைமை வேறு. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கப்பெற்று, உஜாலா என்னும் பெயரால் அறியப்படும் திட்டத்தின் வாயிலாக மட்டும் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் நாடெங்கும் வழங்கப்பட்டுள்ளன. சிற்றூர்க் கடைகளிலும் எல்.இ.டி. விளக்கே இப்போது மிகுதியாக விற்கப்படுகின்றது. இவ்விளக்கை எந்நிற ஒளி தருமாறும் செய்ய இயலும். ஆகவே 'மஞ்சளா, வெள்ளையா?' என்று கடைக்காரர் கேட்கின்றார். வாங்குவோரில் பலர் காரணம் ஆராயாமல் பழக்கத்தினால் வெள்ளையைக் கேட்டு வாங்குகின்றனர். குழந்தைகள் உறங்கும் அறையிலும், முதியோர் நடமாடும் படிக்கட்டிலும், சமையல் மேடையிலும் ஒரே வகை விளக்கு எரிகின்றது. இதனால் சில இடங்களில் கண்ணுக்கும், சில இடங்களில் உறக்கத்திற்கும் இடையூறு நேர்கின்றது. சிறிது தெளிவு பெற்றால், கூடுதல் செலவின்றியே இதனைத் தவிர்க்கலாம்.

கொல்லன் உலையும் கெல்வின் எண்ணும்

விளக்குப் பெட்டியின் மீது 2700, 3000, 4000, 6500 போன்ற ஓர் எண்ணும், அதனையடுத்துக் 'கே' என்னும் ஆங்கில எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெழுத்து கெல்வின் என்னும் வெப்பநிலை அலகைக் குறிக்கின்றது. 1848-ஆம் ஆண்டில் தனி வெப்பநிலை அளவையை வகுத்த வில்லியம் தாம்சன் என்ற லார்டு கெல்வினின் பெயரால் இவ்வலகு வழங்குகின்றது. சென்டிகிரேடு அளவோடு ஏறத்தாழ 273-ஐக் கூட்டினால் கெல்வின் அளவு கிடைக்கும்.

விளக்கின் நிறத்தை வெப்பநிலையால் குறிப்பிடுவானேன் என்ற ஐயம் எழக்கூடும். இதற்கு விடை கொல்லன் உலையில் இருக்கின்றது. உலையில் இட்ட இரும்பு முதலில் நிறம் மாறுவதில்லை. சுமார் 525 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது மங்கிய செந்நிறத்துடன் ஒளிரத் தொடங்குகின்றது. வெப்பம் ஏற ஏறச் செந்நிறம் ஆரஞ்சாகவும், ஆரஞ்சு மஞ்சளாகவும், மஞ்சள் வெண்மையாகவும் மாறுகின்றது. அனுபவமுள்ள கொல்லர் நிறத்தைக் கண்டே வெப்பத்தை மதிப்பிட்டு, சம்மட்டியால் அடிக்க வேண்டிய வேளையை அறிவார். இந்த மாற்றத்தின் கணித விதியை ஜெர்மானிய விஞ்ஞானி மாக்ஸ் பிளாங்க் 1900-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். தன்மீது படும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் ஒரு கரும்பொருளைச் சூடேற்றினால், அது வீசும் ஒளியின் நிறத்தை அதன் வெப்பநிலை ஒன்றே தீர்மானிக்கும் என்பது அவ்விதியால் பெறப்படும் உண்மை.

எனவே ஓர் ஒளியின் நிறம் எந்த வெப்பநிலையிலுள்ள கரும்பொருளின் நிறத்தை ஒத்திருக்கின்றதோ, அவ்வெப்பநிலையே அவ்வொளியின் நிற வெப்பநிலை எனப்படுகின்றது. மெழுகுவர்த்திச் சுடரின் நிற வெப்பநிலை சுமார் 1900 கெல்வின். பழைய இழை பல்பினுடையது சுமார் 2700. டங்ஸ்டன் 3422 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடுமாதலால், இழை பல்பின் ஒளியை மிகவும் வெண்மையாக்க இயலவில்லை. நண்பகல் வெயில் சுமார் 5500 கெல்வினும், மேகம் மூடிய வானத்தின் ஒளி சுமார் 6500 கெல்வினும் ஆகும். தெளிந்த நீல வானத்தின் ஒளி 10,000 கெல்வினுக்கும் மேற்படும். விண்மீன்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். திருவாதிரை மீன் செந்நிறமாகத் தோன்றுவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பு சுமார் 3500 கெல்வின் அளவே வெப்பமுடையதாயிருத்தல். நீலங்கலந்த வெண்மையுடன் மின்னும் சிரியஸ் விண்மீனின் மேற்பரப்போ சுமார் 10,000 கெல்வின் வெப்பமுடையது.

இங்கே ஒரு முரண்பாட்டை மாணவர்களுக்கு விளக்கிக் கூறுதல் நன்று. நெருப்பை நினைவூட்டும் மஞ்சள் ஒளியை 'வெதுவெதுப்பானது' என்றும், நீலச் சாயலுள்ள ஒளியைக் 'குளுமையானது' என்றும் உலகம் வழங்குகின்றது. விஞ்ஞான அளவிலோ மஞ்சள் ஒளியின் வெப்பநிலை குறைவு. நீல ஒளியின் வெப்பநிலை மிகுதி. மேலும், வெள்ளை விளக்கு அறையைக் குளிர்விக்கும் என்றும் மஞ்சள் விளக்கு அறையைச் சூடாக்கும் என்றும் பலர் நம்புகின்றனர். இது தவறு. 9 வாட் எல்.இ.டி. பல்பு எந்நிறத்தில் எரிந்தாலும், அது அறையினுள் சேர்க்கும் சக்தி 9 வாட் அளவே. பழைய மஞ்சள் பல்பு சுட்டதற்குக் காரணம் அதன் நிறமன்று. தான் பெற்ற மின்சக்தியில் மிகப் பெரும் பகுதியை அது வெப்பமாக வீணாக்கியதே காரணம்.

எல்.இ.டி. வெண்மை பெறும் விதம்

எல்.இ.டி. விளக்கினுள் 2700 டிகிரியிலோ 6500 டிகிரியிலோ எப்பொருளும் எரிவதில்லை. அதன் உள்ளே காலியம் நைட்ரைடு என்னும் பொருளாலான சிறு சில்லுகள் உள்ளன. மின்னோட்டம் பாயும்போது அவை சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை வெளியிடுகின்றன. சில்லின் மேல் பூசப்பட்ட ஒளிர்பொருள் அந்நீலத்தில் ஒரு பகுதியை உட்கொண்டு மஞ்சள், பச்சை, சிவப்பு ஒளியாக மாற்றித் தருகின்றது. எஞ்சிய நீலமும் புதிதாகத் தோன்றிய நிறங்களும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன. பூச்சினைக் கடந்து வரும் நீலம் மிகுந்தால் 6500 கெல்வின் விளக்கு. குறைந்தால் 2700 கெல்வின் விளக்கு. இதற்கு அடிப்படையான நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அக்காசாகி, அமானோ, நாக்கமூரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

ஆகவே எல்.இ.டி. பெட்டியிலுள்ள எண் உண்மையான வெப்பநிலையன்று. நிறத்தின் ஒப்புமையைக் காட்டும் எண்ணே ஆகும். இவ்வெண்ணைப் பயன்படுத்துகையில் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் வேறுபாடு கெல்வின் வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் இல்லை. பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்து வரும் ஈவுகளை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். 2700-க்கு 370-உம், 3000-க்கு 333-உம் வருகின்றன, வேறுபாடு 37. ஆனால் 6000-க்கு 167-உம், 6500-க்கு 154-உம் வருகின்றன. வேறுபாடு 13 மட்டுமே. எனவே மஞ்சள் விளக்குகளில் 300 கெல்வின் வேறுபாடு எளிதில் தென்படும்; வெள்ளை விளக்குகளில் 500 கெல்வின் வேறுபாட்டைக் கூடப் பலர் கவனிப்பதில்லை.

நிறம் வேறு, பிரகாசம் வேறு, நிறங்காட்டும் திறன் வேறு

வெள்ளை விளக்கு அதிக வெளிச்சம் தரும் என்பது பொதுவான எண்ணம். வெளிச்சத்தின் அளவு லூமென் என்னும் அலகினால் கூறப்படுகின்றது. பழைய 60 வாட் பல்பு சுமார் 700 லூமென் தந்தது. இக்காலத்து 9 வாட் எல்.இ.டி. பல்பு 800 முதல் 900 லூமென் வரை தருகின்றது. ஒரே வாட் அளவுள்ள விளக்குகளில் வெள்ளை விளக்கு சிறிது மிகுதியான லூமென் தருவதுண்டு. ஆயினும் அவ்வேறுபாடு சிறிதே. வெளிச்சம் போதவில்லையெனில் லூமென் மிகுந்த விளக்கை வாங்குதல் வேண்டுமேயன்றி, நிறத்தை மாற்றுவது பரிகாரமாகாது.

மூன்றாவது பண்பு, பொருள்களின் நிறத்தைப் பிழையின்றிக் காட்டும் திறன். இதனை அளக்கும் முறையைச் சர்வதேச ஒளியியல் ஆணையம் 1965-ஆம் ஆண்டில் வகுத்தது. இதன் உச்ச மதிப்பு 100. இழை பல்பு ஏறக்குறைய 100 பெறுகின்றது. சாதாரண எல்.இ.டி. விளக்குகள் 80 அளவிலும், உயர்தர விளக்குகள் 90-க்கு மேலும் பெறுகின்றன. சாலைகளில் எரிந்துவந்த உயர் அழுத்தச் சோடியம் விளக்கின் மதிப்போ சுமார் 25 மட்டுமே. அவ்வொளியில் சிவப்புச் சேலையும் பழுப்புச் சேலையும் ஒன்றுபோல் தோன்றியது இக்குறையினாலேயாம். பட்டுச் சேலை வாங்குவோர் அதனைக் கடை வாசலுக்கு எடுத்துச் சென்று பகலொளியில் பார்ப்பது விஞ்ஞானத்திற்கு முற்றிலும் பொருத்தமான வழக்கமாகும்.

உடலின் கடிகாரம்

விளக்கின் நிறம் அழகைப் பற்றியது மட்டுமன்று. விழித்திரையில் பார்வைக்குரிய அணுக்களைத் தவிர, ஒளியைத் தாமே உணரும் நரம்பணுக்கள் சிலவும் உள்ளன என்பதை டேவிட் பெர்சனும் அவருடைய குழுவினரும் 2002-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இவை சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாக வசப்படுகின்றன. இவற்றின் பணி உருவங்களைக் காட்டுவதன்று. இது பகல், இது இரவு என மூளைக்கு அறிவிப்பதே. பகல் என்னும் செய்தி சென்றால், உறக்கத்திற்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பது தடைப்படுகின்றது.

இரவில் எரியும் 6500 கெல்வின் விளக்கு, அதே பிரகாசமுள்ள 2700 கெல்வின் விளக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு வலிமையுடன் இவ்வணுக்களைத் தூண்டுகின்றது. இத்துறை விஞ்ஞானிகள் பலர் கூடி 2022-ஆம் ஆண்டில் ஒரு பரிந்துரையை வெளியிட்டனர். மேற்கூறிய அணுக்களின் உணர்வுக்கேற்பத் திருத்திக் கணக்கிடப்பட்ட லக்ஸ் அளவில், பகலில் கண்ணை எட்டும் ஒளி குறைந்தது 250 இருத்தல் வேண்டும். உறங்குவதற்கு முந்திய மூன்று மணி நேரத்தில் 10-க்கு மேற்படலாகாது. உறங்கும்போது 1-க்கு மேற்படலாகாது என்பது அதன் சாரம். இரவில் அளவு 10-க்கு அடங்கவேண்டுமெனில் நிறத்தை மாற்றினால் மட்டும் போதாது. வெளிச்சத்தையும் குறைத்தல் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். மஞ்சள் விளக்காயினும் கண்ணெதிரே சுடர்விட்டு எரியுமானால் முழுப் பயன் தராது.

எல்.இ.டி. ஒளி கண்ணைக் கெடுத்துவிடும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. வீட்டு விளக்குகளைச் சாதாரண முறையில் உபயோகிப்பதால் ஆரோக்கியமுள்ளவரின் கண்ணுக்கு நேரடித் தீங்கு விளைவதற்குச் சான்றில்லை என ஐரோப்பிய விஞ்ஞானக் குழு 2018-ஆம் ஆண்டில் தெரிவித்தது. ஆகவே அச்சம் வேண்டுவதில்லை. உறக்கத்தைக் குறித்த எச்சரிக்கையே வேண்டற்பாலது.

அறைதோறும் ஏற்ற ஒளி

படுக்கை அறை: 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மங்கலான விளக்கே ஏற்றது. படுத்திருப்பவரின் கண்ணில் நேரே படாதவாறு அதனை அமைத்தல் நன்று. இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு நீலமாக இருத்தல் கூடாது. செம்மஞ்சளாகவும், தரையருகேயும் இருக்கலாம்.

படிக்கும் இடம்: 4000 கெல்வின் பொருத்தமானது. புத்தகத்தின் மீது சுமார் 300 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். வலக்கையால் எழுதும் மாணவருக்கு விளக்கு இடப்புறம் இருந்தால் கையின் நிழல் எழுத்தின் மீது விழாது. அறை முழுவதும் இருண்டிருக்க மேசை விளக்கு மட்டும் எரிவது கண்ணை அயரச் செய்யும்.

சமையலறை: 4000 கெல்வின், நிறங்காட்டும் திறன் 90 உள்ள விளக்கு சிறந்தது. அரிசியில் கல் பொறுக்கவும், காய்கறியின் அழுகலை அறியவும், எண்ணெயில் பண்டம் சிவக்கும் பதத்தைக் காணவும் நிறம் தெளிவாகத் தெரிதல் வேண்டும். விளக்கு முதுகுப்புறம் இருப்பின் சமைப்பவரின் நிழலே மேடையின் மீது விழும். ஆகவே அலமாரியின் அடியில் ஒரு சிறு விளக்கைப் பொருத்துதல் நலம்.

கூடம்: பலர் கூடியிருந்து உண்டு, உரையாடி, ஓய்வு கொள்ளும் இடமாதலால் 3000 முதல் 4000 கெல்வின் வரை தகும். ஒரே பார்வையில் படும் விளக்குகள் ஒரே நிறமுடையனவாக இருத்தல் வேண்டும். குறைந்த வெளிச்சத்தில் வெள்ளை ஒளி சோகமாகத் தோன்றும் என்று டச்சு விஞ்ஞானி குரூய்தாஃப் 1941-ஆம் ஆண்டில் கூறினார். பிற்கால ஆராய்ச்சிகள் அவர் கூறியதை முழுவதும் உறுதிப்படுத்தவில்லை. ஆகவே இதில் அவரவர் விருப்பத்திற்கும் இடமுண்டு.

பூஜை அறை: எண்ணெய் விளக்கின் சுடர் ஏறத்தாழ மெழுகுவர்த்தியின் நிறமே உடையது. அதனருகில் 2700 கெல்வின் விளக்கு இயைந்து நிற்கும். 6500 கெல்வின் விளக்கு சுடரை மங்கச் செய்யும்.

தாழ்வாரமும் படிக்கட்டும்: பூச்சிகள் பெரும்பாலும் நீலமும் புற ஊதாவும் கலந்த ஒளியையே நாடுகின்றன. ஆதலின் வாசலிலும் தாழ்வாரத்திலும் 3000 கெல்வினுக்கு மேற்படாத விளக்கிட்டால் மழைக்காலத்தில் ஈசலின் தொல்லை குறையும். படிக்கட்டில் நிறத்தைவிட வெளிச்சம் முக்கியம். முதியோரின் கண்வில்லை மஞ்சளித்துவிடுகின்றது, கண்மணியும் சுருங்குகின்றது. அறுபது வயதினருடைய விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதினருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. படியில் கால் இடறி விழும் முதியோருக்கு உதவக்கூடியது நிழலும் கூச்சமும் இல்லாத மிகுந்த வெளிச்சமேயாகும்.

சுவரின் நிறத்தையும் மறத்தல் கூடாது. நீலம் கலந்து வெள்ளையடித்த சுவரும் பச்சைச் சுவரும் தம் நிறத்தை ஒளியில் கலந்து அறையெங்கும் பரப்புகின்றன. அத்தகைய அறையில் 6500 கெல்வின் விளக்கு மேலும் நீலமாகத் தோன்றும்.

ஒற்றை அறை வீடு

மேலே கூறிய பாகுபாடு பல அறைகள் உள்ள வீட்டிற்கே பொருந்தும் என்று எண்ணலாம். நாட்டில் எண்ணற்ற குடும்பங்கள் ஒரே அறையில் சமைத்து, படித்து, உறங்குகின்றன. அவர்களுக்கே இவ்வறிவு மிகவும் பயன்படும். அறை நடுவில் ஒரே ஒரு 6500 கெல்வின் பல்பு இரவு பத்து மணி வரை எரிந்தால், படிக்கும் சிறுவனுக்கும் உறங்க வேண்டிய சிறு குழந்தைக்கும் ஒரே ஒளியே கிடைக்கின்றது. இதற்கு எளிய பரிகாரம் இரண்டு விளக்குகளும் இரண்டு சுவிட்சுகளுமே. சமைக்கும் நேரத்திற்கும் படிக்கும் நேரத்திற்கும் 4000 கெல்வினில் 9 வாட் விளக்கு ஒன்று. உணவிற்குப் பின் 2700 அல்லது 3000 கெல்வினில் குறைந்த வாட் விளக்கு ஒன்று. படிப்பவர் இருப்பின் அவருடைய விளக்கைச் சுவரோரம் தாழ்வாக அமைத்து, ஒளி புத்தகத்தின் மீது மட்டும் விழுமாறு மறைப்பு இடலாம். சுவிட்சை அழுத்துந்தோறும் நிறம் மாறும் விளக்குகளும் கடைகளில் கிடைக்கின்றன. புதிய கம்பி இழுக்க இயலாத வாடகை வீடுகளுக்கு அவை உதவும்.

சுகாதார ஊழியர்கள் கவனிக்க வேண்டியது

பச்சிளங் குழந்தைக்கு மஞ்சள் காமாலை உள்ளதா என்று பார்க்கும்போது விளக்கின் நிறம் பெரிதும் ஏமாற்றக்கூடும். மஞ்சள் ஒளியில் எல்லாக் குழந்தைகளின் மேனியும் ஒன்றுபோல் மஞ்சளாகத் தோன்றுமாதலால் நோயின் மஞ்சள் தெரியாமற் போகலாம். எனவே சன்னலோரத்திலோ வாசலிலோ பகலொளியில் பார்த்தலே முறை. இரவில் பார்க்க நேரின், நிறங்காட்டும் திறன் மிகுந்த வெள்ளை விளக்கு மஞ்சள் விளக்கைவிட மேலானது. எனினும் அது பகலொளிக்கு ஈடாகாது. பிறந்து இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் மஞ்சள் தோன்றினாலும், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்திருந்தாலும் அது கடுமையான நிலையாகும். விடியும்வரை காத்திராமல் குழந்தையை உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனைகள்

பயனற்றுப்போன ஒரு குறுந்தகடு இச்சோதனைக்குப் போதும். தகட்டின் பளபளப்பான பக்கத்தில் விளக்கின் பிரதிபலிப்பு விழுமாறு சாய்த்துப் பிடித்தால் நிறமாலை தோன்றும். இழை பல்பின் நிறமாலை இடையறாது தொடர்கின்றது, ஒளிர்குழல் விளக்கில் தனித்தனி நிறக்கோடுகள் தெரிகின்றன, எல்.இ.டி.யில் நீலப் பட்டை ஒன்று பளிச்சென்று பிரிந்து நிற்கின்றது. 6500 கெல்வின் விளக்கில் அந்நீலம் வலுத்தும், 2700 கெல்வின் விளக்கில் மெலிந்தும் இருப்பதை மாணவர்கள் தாமே காண்பர். சூரியனை இவ்வாறு பார்க்கலாகாது எனக் கண்டிப்பாக எச்சரித்தல் வேண்டும்.

மற்றொரு சோதனைக்கு உட்புறம் வெள்ளைத்தாள் ஒட்டிய இரண்டு அட்டைப் பெட்டிகள் வேண்டும். ஒன்றினுள் 2700 கெல்வின், மற்றதனுள் 6500 கெல்வின் எல்.இ.டி. பல்புகளைப் பொருத்தி, ஒரே துணியின் இரு துண்டுகளை உள்ளே வைத்து அருகருகே காட்டலாம். சூடேறி அட்டை தீப்பற்றக்கூடுமாதலால் இழை பல்பை இதற்கு உபயோகித்தல் கூடாது. ஒரு பெட்டியை மட்டும் இரண்டு நிமிடம் உற்று நோக்கினால் அதன் தாள் வெறும் வெள்ளையாகவே தோன்றத் தொடங்கும். கண் தன்னை ஒளிக்கேற்பச் சரிசெய்துகொள்வதே இதற்குக் காரணம். வீட்டு விளக்கின் நிறத்தை எவரும் கவனியாமலிருப்பதும் இதனாலேயே. கண் பழகிவிட்டாலும் உடலின் கடிகாரம் அவ்வாறு பழகிவிடுவதில்லை என்பதை ஆசிரியர்கள் இவ்விடத்தில் எடுத்துரைக்கலாம்.

வாங்கும்போது பெட்டியில் முதலில் லூமெனையும், அடுத்துக் கெல்வினையும், பின்னர் நிறங்காட்டும் திறனையும், இறுதியில் மின் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியையும் பார்த்தல் வேண்டும். வீடு முழுவதற்கும் ஒருங்கே வாங்கிவிடாமல், ஒரு பல்பை மட்டும் வாங்கி உரிய அறையில் ஓர் இரவு எரியவிட்டுப் பார்ப்பது நல்லது. கடையின் பகல் வெளிச்சத்தில் எல்லா விளக்குகளும் நன்றாகவே தோன்றும். அவற்றின் தகுதி வீட்டில், இரவில்தான் விளங்கும்.